அக்காவின் காதில் விழுந்தது

அந்த ஆலயத்தில் தரைவிரிப்புக்கு அடியில் ஒரு கம்பி ஓடுகிறது. வாசலுக்கு இடப்பக்கம் தொடங்கி, சுவரோரமாகவே போய், மேடையை ஒட்டித் திரும்பி, மறுபக்கச் சுவர் வழியாக வந்து, கிளம்பிய இடத்திலேயே முடிகிறது. மேலே நடப்பவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. போட்டவனுக்கு மட்டும் அது எங்கே தூணைச் சுற்றி வளைகிறது, எங்கே ஆணி கீறி மேல்தோல் உரிந்து ஒட்டுநாடா சுற்றியிருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி.

காது மந்தமானவர்களுக்கான ஏற்பாடு அது, லூப் என்பார்கள். காதில் கருவி மாட்டியிருப்பவர்களுக்குப் பெரிய கூடம் என்றாலே தொல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று கருவிக்குத் தெரியாது. பிரசங்கத்தைப் பெரிதாக்குகிற அதே அக்கறையோடு பக்கத்து நாற்காலியின் கிறீச்சையும், மின்விசிறியையும், பின்வரிசைக் குழந்தையின் சிணுங்கலையும் பெரிதாக்கிக் கொடுக்கும். தரைக்கடியில் ஓடும் கம்பியில் போவது சத்தம் அல்ல. சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிற மின்சாரம். மின்சாரம் ஓடுகிற கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கருவிக்குள்ளே மயிரிழைக் கம்பியால் சுற்றிய ஒரு குட்டிச் சுருள் இருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் கருவி வெளியே கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தக் காந்தப்புலத்தை மட்டும் வாங்கி மறுபடியும் சத்தமாக்கும். விசிறி இல்லை, நாற்காலி இல்லை, குழந்தை இல்லை. மைக்கில் பேசுகிறவர் நேராகக் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுவது போல இருக்கும்.

போட்டவன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் மெக்கானிக். சபையில் அவனை அப்படி யாரும் சொல்வதில்லை. அங்கே அவன் ‘சவுண்டு’. சின்னவர்களுக்கு சவுண்டு அண்ணன், போதகருக்கு சவுண்டு தம்பி. மனைவிகூடக் கோபம் வந்தால், “சவுண்டு இன்னைக்கு வீட்ல சாப்பிடுமா, இல்ல சர்ச்லயே முடிச்சாச்சா?” என்றுதான் கேட்பாள்.

அவன் அந்தக் கம்பியைப் போட்டது அக்காவுக்காக. அக்கா நூற்பாலையில் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவள். இயந்திரங்களின் இரைச்சலில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துப் பேசியே பழகியதால், காது போய்க்கொண்டிருந்தது அவளுக்கே வெகுகாலம் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, “தம்பி, இன்னைக்கு பாஸ்டர் எதைப் பத்திப் பேசினாரு?” என்று கேட்டாள். அவன் சொன்னான். “அப்படியா, நான் ஏதோ ஆட்டுக்குட்டியைப் பத்தின்னு நெனச்சுட்டேன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரமே முழங்கால் தேய, தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டு கம்பி பதித்தான். வேலை முடிந்த பிறகு அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, மைக்கில் “அக்கா, கேக்குதா?” என்றான். அவள் காதைப் பொத்திக்கொண்டு, “கத்தாதடா, பக்கத்துல நின்னுக்கிட்டே!” என்றாள். அவன் கூடத்தின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தான். இருவருக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த அக்காதான் இப்போது வேறு சபைக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவனிடம் அல்ல, அவன் மனைவியிடம்.

“ஏனாம்?” என்றான் அவன், சனிக்கிழமை மத்தியானம், சட்டையை மாட்டிக்கொண்டே.

“கேட்டேன். ‘அங்க உக்காந்தா ஜெபிக்க முடியல’ன்னாங்க. அதுக்கு மேல வாயைத் திறக்கல.”

“அவ போகப்போற சபைல லூப் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போய் பொம்மை மாதிரி உக்காந்திருப்பாளா? அவளுக்காகத்தானே நான் அந்த வயரையே போட்டேன்!”

“இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்க வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கு. நீங்க போயி எத்தனை நாளாச்சு?”

போய்த்தான் இருந்தான். வாராவாரம் போனான். வாசலில் வண்டியை அணைக்காமலே நின்று, பேட்டரி அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு வருவான். அக்காவின் கணவர், அத்தான், இறந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் கண் ஜெப நேரத்தில் எங்கேயோ வெறித்துக்கொண்டிருப்பதை, கேமராப் படம் ஓடும் மேடைத் திரையில் பார்த்து, பிறகு போய்க் கேட்டான். “பேட்டரி போயிடுச்சுடா” என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். காதுக்கருவிப் பேட்டரி ஒரு விசித்திரமான சாமான். பொத்தான் அளவுதான் இருக்கும், முதுகில் ஒரு ஒட்டுத்தாள். அந்தத் தாளை உரித்தால், அடியிலிருக்கும் நுண்துளை வழியாகக் காற்று புகுந்து அதற்கு உயிர் வரும். உரித்துவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. கருவியில் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அக்கா முன்கூட்டியே உரித்து வைத்துவிடுகிறாள் போல என்று நினைத்தான். அதை உட்கார்ந்து விளக்க நேரமில்லை. வாங்கிக் கொடுப்பது சுலபம்.

“கூட்டம் முடியட்டும், போய்ப் பேசறேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஆலயத்தில் மூன்று நாள் சிறப்புக் கூட்டத்துக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. போதகர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“சவுண்டு தம்பி, வரப்போற பேச்சாளருக்குக் கையில மைக் பிடிச்சா வார்த்தை வராதாம். கன்னத்துல ஒட்டிக்கிற மாதிரி வேணுமாம். பாடுறவங்களுக்கு ரெண்டு கூடுதலா வேணும். முடியுமா?”

“முடிச்சிரலாம் பாஸ்டர்.”

“உன்னை மாதிரி ஒரு ஊழியக்காரன் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். நீ இல்லன்னா இந்த சபைக்கு வாயே கிடையாது.”

அவனுக்கு அந்த வார்த்தை இனிக்கத்தான் செய்தது. எப்போதும் இனிக்கும். ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசக் கூட்டம், யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவு, எதுவானாலும் முதலில் வந்து விளக்கைப் போடுவதும் கடைசியில் போகும்போது அணைப்பதும் அவன்தான். பம்பரமாகச் சுற்றுவான். கூடத்தின் பின்கோடியில் அவனுடைய மேசை. வரிசை வரிசையாக நகர்த்துபொத்தான்கள், அவற்றின் மேலே ஏறி இறங்கும் பச்சை விளக்குகள். எந்தப் பெரியவர் ஜெபிக்கும்போது ‘ப’வில் காற்றை ஊதுவார், எந்த அம்மா ஆரம்பத்தில் முணுமுணுத்துவிட்டுத் திடீரென்று உச்சத்துக்குப் போவார் என்பதெல்லாம் அவன் விரல்களுக்குத் தெரியும். ஜெபம் முடியப்போகிறது என்று குரல் இறங்குவதை வைத்தே சொல்லிவிடுவான். ஆமென் என்றால் அவனுக்கு, பியானோவை ஏற்று என்று அர்த்தம். எல்லோரும் தலைகுனியும்போது அவன் தலை நிமிர்ந்திருக்கும், விளக்குகளைப் பார்க்க வேண்டுமே. திருவிருந்து அப்பத்தைக்கூட எல்லோரும் போன பிறகு, தோளில் கேபிள் சுருளோடு நின்றபடியே வாங்கிக்கொள்வான்.

சட்டைக் கையை மடித்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தான். கூடுதல் மைக்குகளுக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. தூசியும் கேபிள் குடலுமாகக் கிடந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு, இது மேடை, இது பேச்சு, இது நேரலை என்று சொல்லிக்கொண்டே வந்தவன் ஒரு கேபிளில் நின்றான்.

அது ரெட்டைவால் கேபிள். ஒரு முனை மேசையில் செருகியிருந்தது. மறுபக்கம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு வால், நேரலைக் கேமராக்காரர் காதில் மாட்டிக்கொள்ளும் தலைபேசிக்குப் போனது. இன்னொரு வால் சுவருக்குள் புகுந்தது.

சுவருக்குள் போவது லூப்.

அவனுக்கு நினைவு வந்தது. பழைய மேசை பழுதாகி, புது மேசை வந்தபோது அதில் வெளியே போகும் துளைகள் குறைவாக இருந்தன. நேரலை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் மிஞ்சியது ஒரே துளை, இரண்டு கேபிள். இந்த ஒரு வாரம் ஓடட்டும், அடுத்த வாரம் இதற்கென்று ஒரு பெட்டி வாங்கிப் பிரித்துவிடலாம் என்று ரெட்டைவாலைப் போட்டான். அடுத்த வாரம் கல்யாணம் வந்தது. அதற்கடுத்த வாரம் அத்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

கேமராக்காரர் தலைபேசியில் ஆராதனையின் சத்தம் மெல்லியதாக ஓடும். அதற்கு மேல், உரக்க, அவனுடைய குரல் வரும். மேசையில் ஒரு சின்ன மைக் இருக்கிறது. பொத்தானை அமுக்கிக்கொண்டு அதில் பேசினால் கேமராக்காரருக்கு மட்டும் கேட்கும். கேமராக்காரருக்கு மட்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

மேசைக்கடியில் உட்கார்ந்தபடியே அந்த இரண்டு வால்களையும் மறுபடி விரலால் தடவிப் பார்த்தான். இல்லை, அப்படி இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் பழுதுபார்க்கிறவனின் மனம் அப்படி விடாது, சோதித்துப் பார்த்தால்தான் அடங்கும். வெளியே வந்தான். கேமராக்காரர் ஓரமாக உட்கார்ந்து கண்ணாடிவில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொழில் தையல். வாரத்தில் ஆறு நாள் ஊசி, ஞாயிற்றுக்கிழமை கேமரா. அவர் தலைபேசியில் மைக் கிடையாது. அதனால் அவன் ஏதாவது சொன்னால், சரி என்பதற்குக் கேமராவை மேலும் கீழுமாக ஆட்டுவார், முடியாது என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார். நேரலை பார்ப்பவர்களுக்கு ஆலயம் தலையாட்டுவது போலத் தெரியும்.

“அண்ணே, ஒரு உதவி. மேசையில உக்காந்து, அந்தச் சின்ன மைக்ல ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.”

“நானா? என்னடா பேசுறது?”

“எது வேணும்னாலும்.”

லூப் வேலை செய்கிறதா என்று பார்க்க அவனிடம் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி இருந்தது, காதில் செருகும் வயரோடு. அதை எடுத்துக்கொண்டு அக்காவின் இடத்துக்குப் போனான். ஜன்னலோரம், கடைசிக்கு முந்தின வரிசை. அங்கே கம்பி நெருக்கமாக ஓடுகிறது, தெளிவாகக் கேட்கும் என்று அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடம். உட்கார்ந்தான். காதில் செருகினான்.

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், கையில் கிடைத்ததைப் பிடித்தார். அவனைப் போலவே பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, மூணாவது வரிசை. ஆங், அந்தப் பச்சைப் புடவை. கையைத் தூக்குறாங்க பாருங்க, பிடிங்க, பிடிங்க. அருமை. போதும், விடுங்க. ஐயோ, நம்ம கணக்காசிரியர் ஜெபிக்க எழுந்துட்டாரு அண்ணே. நீங்க போய் டீ குடிச்சிட்டு, ஒரு பேண்ட் தச்சுட்டு வந்துடலாம். கேமரா ஏன் ஆடுது? சிரிக்காதீங்கண்ணே, சிரிச்சா ஆடும்…”

அச்சு அசல் அவன்தான். அந்த இழுவை, அந்த ‘பிடிங்க பிடிங்க’, எல்லாம். காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசியது.

“எப்படிடா? நடிக்கப் போகலாமா நான்?” என்று தையல்காரர் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். அந்த வார்த்தையும் காதுக்குள்தான் கேட்டது.

லூப்பைப் பயன்படுத்துகிறவர்கள் சபையில் மூன்றே பேர். ஒரு பாட்டியம்மா மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் ஒருநாள் படியிறங்கும்போது அவன் தோளைத் தட்டி, “பிரசங்கத்தை விட உன் வர்ணனை பிரமாதம்பா” என்றது இப்போது உறைத்தது. பாவம், வயசாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று அன்று நினைத்துக்கொண்டான். மூன்றாவது ஆள் அக்கா.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அது வெறும் வெட்கம்தான். அதற்குப் பின்னால் வேறொன்று வந்துகொண்டிருந்தது. அது முழுதாக வருவதற்குள் எழுந்துவிட நினைத்தான், முடியவில்லை.

அத்தானுக்கு அறுவை சிகிச்சை நடந்த ஞாயிற்றுக்கிழமை. அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கமுடியாமல், “ஜெபத்துல இருந்துட்டு வந்துடறேன்” என்று ஆலயத்துக்கு ஓடிவந்திருந்தாள். போதகர் மேடையிலிருந்து அத்தானின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். சபை முழுவதும் ஜெபித்தது. அக்கா இதே நாற்காலியில், கண்ணை மூடி, முகம் நெளிய, வாய்விட்டு அழுதாள். அவன் மேசையில் இருந்தான். பொத்தானை அமுக்கினான்.

“அண்ணே, ஜன்னல் பக்கம். அக்கா அழுறா. கிட்டப் போங்க. இன்னும் கிட்ட. கண்ணீர் தெரியட்டும். அப்படியே பிடிங்க. அருமையான ஷாட்.”

கேமரா மேலும் கீழும் ஆடியது. மேடைத் திரை முழுக்க அக்காவின் முகம். பிறகு அவன், “பியானோ ஏறப்போகுது, அது வரைக்கும் விடாதீங்க” என்று வேறு சொன்னான்.

காதுக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறான். அவள் தன் புருஷனின் உயிருக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது.

அத்தான் பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு அவன்தான் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கட்டினான். மைக் ஊளையிடுவது ஏன் என்று பலருக்குத் தெரியாது. மைக் தன் சத்தத்தைத் தானே ஒலிபெருக்கியிலிருந்து கேட்டு, அதை மறுபடி அனுப்பி, அது பெரிதாகித் திரும்பி வர, அதையும் கேட்டு, இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஊளை. கடைசியில் பேசுகிறவரின் குரலே இருக்காது, சுற்று மட்டும்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு தடவைகூட ஊளை வரவில்லை. பலர் வந்து பாராட்டினார்கள். குழிக்குப் பக்கத்தில் அக்கா, அவன் மனைவியின் தோளில் சாய்ந்து நின்றாள். அவன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றான். நல்லபடியாக முடிந்தது என்று அவனுக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது.

காதிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

“என்னடா, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் தையல்காரர். “ஷாக் அடிச்சுதா?”

“அண்ணே, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்.”

“மைக்கு? பாஸ்டர் கேட்டா?”

“அக்கா வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க.”

அக்கா சமையலறை மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் அவன் வந்தது தெரியவில்லை. முன்னால் போய் நின்றான்.

“அட, வண்டியை அணைச்சுட்டு வந்திருக்கே!” என்றாள். “உக்காரு. பேட்டரிதானே? அங்க வச்சுட்டுப் போ.”

அவள் கண்ணால் காட்டிய இடத்தில், அலமாரித் தட்டில், பழைய பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. உள்ளே அவன் கொடுத்த பேட்டரி அட்டைகள் அடுக்காக இருந்தன. ஒன்றிலும் கிழிசல் இல்லை, ஒரு தாளும் உரியவில்லை.

“பேட்டரி போகவே இல்லையாக்கா?”

“எங்கிட்ட இருந்த பழைய அட்டையே இன்னும் தீரல. சர்ச்ல கதவைத் திறந்துடுவேன், அவ்வளவுதான்.” கருவியின் பேட்டரிக் கதவைச் சொன்னாள். அதைத் திறந்தால் கருவி அணைந்துவிடும்.

அவன் உட்கார்ந்தான். ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரிக்கத் தொடங்கினான். கை சும்மா இருந்தால் பேச வராது அவனுக்கு.

“அக்கா, இன்னைக்கு மேசைக்கடியில ஒரு கேபிள் பாத்தேன். ரெட்டைவால். நான்தான் போட்டிருக்கேன். தலைபேசிக்குப் போறதும் லூப்புக்குப் போறதும் ஒரே…”

“விளக்காதடா.”

அவன் கையிலிருந்த பல்லைத் தட்டில் போட்டான்.

“எப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். கேட்டுது. அவ்வளவுதான்.”

“அன்னைக்கும்…?”

“அன்னைக்கும்.” அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். “முதல்ல யாரோ பக்கத்துல நின்னு பேசறாங்கன்னு நெனச்சேன். கண்ணைத் திறந்து பாத்தேன், யாரும் இல்ல. எதுர திரையில நான் இருந்தேன். அழுதுக்கிட்டு.”

“அக்கா…”

“கண்ணீர் தெரியட்டும்னே. தெரிஞ்சுதா?”

அதில் குத்தல் இருந்தது, கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சின்ன வயதில் அவள் கரண்டியால் போட்டது போல இப்போதும் ஒன்று போட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது.

“ஏன்க்கா சொல்லல? அன்னைக்கே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே.”

“அதான் சொல்லல.” அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “சொல்லியிருந்தா நீ வயரை மட்டும் சரி பண்ணியிருப்பே.”

பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸரின் அடியிலிருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் மனத்தில் ஒரு மூலை குறித்துக்கொண்டது. அதைக் குறித்துக்கொண்ட தன் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

“அத்தான் போனப்புறம் கருவியில பொத்தானை அமுக்காமலே இருந்திருக்கலாம்,” என்றாள் அக்கா. “ஆனா அமுக்கினேன். வாராவாரம் அமுக்கிக் கேட்டேன். எதுக்குன்னு தெரியுமா?”

அவன் தலையசைத்தான், தெரியாது என்று.

“நீ மறந்தும் ஒரு வார்த்தை ஜெபிப்பியான்னு. அவ்வளவு நேரம் அந்த மைக் பக்கத்துலயே உக்காந்திருக்கே. ஆண்டவரேன்னு ஒரு பெருமூச்சாவது விடுவே, அது எனக்குக் கேக்கும்னு. சபையே என் பேரைச் சொல்லி ஜெபிச்சுது, அது சந்தோஷம்தான். எனக்கு நீ ஜெபிக்கிறது கேட்கணும்னு இருந்துது. நம்ம ரெண்டு பேர்தானே மிச்சம். கேட்டேன், கேட்டேன். பச்சைப் புடவையைப் பிடிங்க, கணக்கு வாத்தியார் ஆரம்பிச்சுட்டாரு, லைட்டைக் குறைங்க… எல்லாம் கேட்டுது. அது மட்டும் கேக்கல. அப்புறம்தான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டேன்.”

அவன் தேடிப் பார்த்தான். உண்மையாகவே தேடினான். அத்தனை ஞாயிறு, அத்தனை புதன், அத்தனை வெள்ளி. எங்காவது ஓரிடத்தில், விளக்குகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு நிமிஷம் தன் ஆண்டவரிடம் தான் பேசிய ஞாபகம் இருக்கிறதா என்று. மைக் சரியாக வேலை செய்யட்டும் ஆண்டவரே என்று கேட்டது இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. அவருடைய வீட்டில் எல்லாக் கதவையும் திறந்து மூடியிருக்கிறான். வீட்டுக்காரரோடு உட்கார்ந்ததில்லை.

“மன்னிச்சுடுக்கா.”

“நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன். அதுக்கா உக்காந்திருக்கே? எனக்கு அது வேண்டாம்.” அவள் பூண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். “ஜெபம் பண்ணு. இப்ப.”

“இப்பவா?”

“ஏன், பியானோ வரணுமா?”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான். “சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். உம்முடைய பிள்ளைகளாகிய நாங்கள் உமது சமுகத்தில்…” வழவழவென்று வந்தது. ஏறுகிற இடத்தில் ஏறியது, இறங்குகிற இடத்தில் இறங்கியது. ஒரு வாக்கியம் முடிந்ததும் தானாக ஒரு இடைவெளி விட்டான். அது போதகர் விடுகிற இடைவெளி. அங்கேதான் சபை ஆமென் சொல்லும். தன் குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறது, அடிச்சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று அவன் காது சொன்னது.

நிறுத்திவிட்டான். கண்ணைத் திறந்தபோது அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது பாஸ்டர். நீ எங்கே?”

“தெரியலக்கா. நான் யாருக்கோ கேக்கற மாதிரியே பேசறேன். வேற மாதிரி வரமாட்டேங்குது.”

அக்கா காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கருவியைக் கழற்றினாள். உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டதும் அது மெல்லியதாக விசிலடித்தது. மூடிய கைக்குள் அதன் சத்தம் அதற்கே திரும்பிக் கேட்கிறது. அவள் காதுக்கு அது எட்டவில்லை, அவனுக்குக் கேட்டது. அவள் நகத்தால் பேட்டரிக் கதவைத் திறந்தாள். விசில் நின்றது. கருவியைப் பூண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இப்ப எனக்குக் கேக்காது,” என்றாள், காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில். “நான் கேக்க வேண்டாம். சொல்லு.”

கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்திருந்தான். பார்க்க விளக்குகள் இல்லை. அக்காவின் கை மட்டும் இருந்தது, நடுவிரல் நுனியில் நூற்பாலைக் காய்ப்போடு. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி நின்றது. அதன் உறுமல் அடங்கிய பிறகுதான் அறை எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

“ஆண்டவரே,” என்றான்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த வார்த்தைக்குப் பழக்கப்படி ‘நன்றி’தான் வந்தது, அதை விழுங்கினான். ‘இந்த வேளை’ வந்தது, அதையும் விழுங்கினான். எல்லாவற்றையும் விழுங்கிய பிறகு மிஞ்சியது ஒன்றுதான்.

“அவ அழுதா. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

மேசை அதிர்ந்தது. அவனுடைய கைப்பேசி, கவிழ்த்து வைத்தது, தட்டுப் பக்கமாக நகர்ந்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. போதகராகத்தான் இருக்கும், மைக் என்ன ஆச்சு என்று கேட்க. அவன் கை தானாகப் போனது. அக்காவுக்குச் சத்தம் கேட்கவில்லை, மேசைப்பலகை வழியாக முழங்கையில் அதிர்வு தெரிந்திருக்க வேண்டும். ஒரு கண்ணை மட்டும் திறந்து கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். கைப்பேசி வெகுநேரம் நடுங்கி, ஒரு பூண்டுப் பல்லை உருட்டிவிட்டு நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.

“அத்தானுக்காக நான் ஜெபிக்கல,” என்றான் அவன். “ஒரு தடவை கூட. ஜெபிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உம்ம வீட்லயே கிடக்கிறேன், அதனால ஜெபிச்ச மாதிரிதான்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு உம்மகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல. உம்மைத் தெரியுமான்னே எனக்குத் தெரியல…”

மூக்கு ஒழுகியது. துடைக்க ஒரு கைதான் இருந்தது. வார்த்தைகள் நொண்டி நொண்டி வந்தன, பாதி வாக்கியங்களாக, நடுவில் நீண்ட இடைவெளிகளோடு. எந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அவனே பொத்தானை இறக்கியிருப்பான், கேட்கத் தகுதியில்லை என்று. இறக்க ஆளில்லை. பேசிக்கொண்டே போனான். அத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைப் பார்த்து, “கொஞ்ச நேரம் உக்காரேன்” என்றதையும், ஆராதனைக்கு நேரமாகிறது என்று அவன் எழுந்ததையும் சொல்லும்போது குரல் சுத்தமாக நின்றுபோனது.

அவன் பிடி தளர்ந்ததாலோ என்னவோ, அக்கா கண்ணைத் திறந்தாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் உரக்க.

இல்லை என்று தலையாட்டினான்.

“சரி,” என்று சொல்லி, கையை விடாமலே, அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.